நந்தியாவட்டையில் கொம்புப் புழு: அரளி அந்துப்பூச்சியை எந்த நிறத்திலும் அடையாளம் காண ஒரு வழிகாட்டி

சென்னையில் வாசலிலோ மாடியிலோ நந்தியாவட்டை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. பூஜைக்குப் பூப்பறிக்கப் போனால் செடியின் நுனியெல்லாம் மொட்டையாக நிற்கும். குனிந்து தேடினால் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் புழு. வால் பக்கம் ஒரு கொம்பு, தலைப் பக்கம் இரண்டு நீலக் கண்கள். சற்று நேரத்தில் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் படம் ஏறிவிடும். "விஷப்புழு, குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்" என்று யாராவது எழுதுவார்கள். மாலைக்குள் மருந்து அடிக்க ஆள் வந்துவிடுவார்.

அந்தப் புழு கடிக்காது, கொட்டாது, பட்டால் அரிக்காது. அரளி அந்துப்பூச்சியின் புழு அது. பருந்து அந்துகள் என்று சொல்லப்படும் ஸ்பிங்கிடே குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நெரியை. 1758-லேயே லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். ஆப்பிரிக்காவிலும் நம் தெற்காசியாவிலும் வாழ்வது, கோடைக்காலத்தில் ஐரோப்பா வரைக்கும் பறந்து போகிற அளவுக்கு வலுவான சிறகு கொண்டது.

பூச்சிகளைக் கவனிக்க ஆசைப்படுகிறவர்கள் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான அந்துப்பூச்சி நம் ஊரில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. காட்டுக்குப் போக வேண்டாம், வலை வேண்டாம், விளக்குப் பொறி வேண்டாம். வீட்டு வாசலே போதும். உருவமும் பெரிது, கண்ணாடி இல்லாமலே பார்க்கலாம். ஆனால் புதியவர்களைக் குழப்புகிற ஒரு விஷயம் இதில் உண்டு: நிறம். முட்டையிலிருந்து வந்தவுடன் மஞ்சள், பிறகு பச்சை, சில புழுக்கள் செம்பழுப்பு, மண்ணுக்கு இறங்கும்போது ஏறக்குறையக் கறுப்பு, சிறகு முளைத்த பின் மறுபடி பச்சை, சிறகு தேய்ந்தால் பழுப்பு. இத்தனையும் ஒரே பூச்சி. நிறத்தை வைத்துத் தேடினால் ஐந்தாறு வகைப் பூச்சிகள் இருப்பதாகத்தான் தோன்றும்.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே வழியில் போகப் போகிறோம். நிறம் சொல்வது பூச்சியின் வயதை. பூச்சி எது என்பதைச் சொல்வது அதன் குறிகள். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிவிட்டால் போதும்.

முதல் படி: செடியைப் பாருங்கள்

புழுவின் பெயரைத் தேடும் முன் அது எந்தச் செடியில் இருக்கிறது என்று பாருங்கள். புழுக்கள் கண்ட இலையையும் தின்பதில்லை. அரளி அந்தின் புழு அரளிக் குடும்பத்துச் செடிகளை நாடுவது. சென்னையில் இதன் சாப்பாட்டுச் செடிகள் இவை: செவ்வரளி, வெள்ளரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, மாடித்தோட்டக்காரர்கள் ஆசையாக வளர்க்கும் அடீனியம், தெருவோரம் நிழலுக்கு நடப்படும் ஏழிலைப்பாலை. பெரும்பாலானவற்றில் கிள்ளினால் பால் வடியும்.

இவற்றில் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது நந்தியாவட்டையை. ஒற்றை, அடுக்கு, குட்டை ரகம் எதுவானாலும் சரி. இலை அடர்த்தியாக இருப்பதால் புழு தங்குகிறது, செடி இடுப்பளவு உயரம் என்பதால் தேடுவதும் எளிது. அரளி நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் வரிசையாக நிற்கிறது என்பது உண்மைதான். அங்கே நின்று புழு தேட வேண்டாம், ஓடுகிற வண்டிகளுக்கு நடுவில் அது ஆபத்து.

அரளிச் செடியின் எல்லாப் பாகமும் மனிதருக்கும் ஆடுமாடுக்கும் நஞ்சு. இதயத்தைப் பாதிக்கும் வேதிப்பொருட்கள் அதில் உள்ளன. புழு அதைத் தின்று தாங்கிக்கொள்கிறது. நாம் தாங்க மாட்டோம். அரளி, அடீனியம், நந்தியாவட்டை எதைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பால் பட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள். குழந்தைகளோடு பார்க்கப் போனால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயப்பட வேண்டியது செடியின் பாலுக்கு, புழுவுக்கு அல்ல.

இரண்டாம் படி: புழுக்கையைத் தேடுங்கள்

இலைப்பச்சை நிறத்தில் இலைக்கு அடியில் படுத்திருக்கும் புழுவை நேராகத் தேடினால் கண்ணில் படாது. தரையைப் பாருங்கள். செடிக்கு அடியில், தொட்டியின் விளிம்பில், சிமென்ட் தரையில் அதன் எச்சம் உருண்டை உருண்டையாக விழுந்திருக்கும். பருந்து அந்துப் புழுக்களின் புழுக்கைக்குத் தனி வடிவம் உண்டு: சிறிய உருளை, நீளவாக்கில் பள்ளம் பள்ளமாக வரிகள். புதிதாக விழுந்தது பச்சையாகவும் ஈரமாகவும் இருக்கும், பழையது காய்ந்து கறுத்துவிடும்.

பச்சையான புழுக்கை கிடைத்த இடத்திலிருந்து நேர் மேலே பாருங்கள். புழு அங்கேயேதான் இருக்கும். கடுகு அளவென்றால் சின்னப் புழு. மிளகு அளவோ அதற்கு மேலோ என்றால் பெரியது, மண்ணுக்கு இறங்கும் நாள் நெருங்கிவிட்டது. காலையில் வாசல் பெருக்கும் முன் பார்ப்பது நல்லது. விளக்குமாறு பட்டுவிட்டால் தடயம் போச்சு.

இன்னொரு தடயம் இலை. சின்னப் புழு இலையில் ஓட்டை போடும், ஓரத்தைக் கொறிக்கும். பெரிய புழு இலையை நடு நரம்பு மட்டும் மிஞ்சும்படி வழித்துவிடும். இளந்தளிர்தான் அதற்கு முதல் விருப்பம். அதனால் மழைக்குப் பின் செடி தளிர் விடும் நாட்களிலும், கவாத்து செய்து புதுக் கொழுந்து வந்திருக்கும்போதும் தேடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நந்தியாவட்டை தழைக்கும் பருவம் இதற்கு ஏற்றது. அக்னி நட்சத்திர வெயிலில் இலை வதங்கி நிற்கும் செடியில் தேடி அலுத்துப்போகாதீர்கள்.

பெரிய புழுக்கள் பகலில் பெரும்பாலும் செடியின் கீழ்ப்பகுதியில், தண்டை ஒட்டி நிழலில் ஒதுங்கியிருக்கும். இருட்டிய பின் டார்ச் அடித்துப் பார்த்தால் மேலே வந்து தின்பதைக் காணலாம்.

மூன்றாம் படி: நிறத்தைப் பார்த்து வயதைக் கணியுங்கள்

முட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் அளவில், வெளிர்பச்சையில், உருண்டையாக இருக்கும். தாய்ப்பூச்சி ஓர் இளந்தளிருக்கு ஒன்று என்று தனித்தனியாக இட்டுப் போகும். கொத்தாக முட்டைகள் தெரிந்தால் அது வேறு ஏதோ பூச்சியுடையது.

முட்டையிலிருந்து வரும் புழு மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். நல்ல மஞ்சள் நிறம். வால் பக்கத்தில் உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் மயிரிழை அளவுக்கு மெலிந்த கறுப்புக் கொம்பு. நீலக் கண்கள் இன்னும் வந்திருக்காது. இந்த வயதில் இதைப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு, பார்த்தாலும் வேறு பூச்சி என்று நினைத்துவிடுகிறார்கள். நந்தியாவட்டைத் தளிரின் அடியில் கறுப்புக் கொம்போடு மஞ்சள் துரும்பு ஒன்று நகர்ந்தால் நிதானமாகப் பாருங்கள்.

இலை தின்னத் தொடங்கிய பிறகு மஞ்சள் மாறிப் பச்சையாகும். புழுப்பருவத்தில் மொத்தம் ஐந்து நிலைகள், ஒவ்வொரு நிலைக்கும் நடுவே ஒரு தோலுரிப்பு. தோலுரிக்கும் முன் புழு தின்பதை நிறுத்தி, தலையை உள்ளிழுத்து, அசையாமல் கிடக்கும். செத்துவிட்டதோ என்று தொட்டுப் பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் அது இலையைப் பற்றியிருக்கும் பிடியை விடுவித்தால் தோல் ஒழுங்காகக் கழலாது.

கடைசி நிலையில்தான் எல்லோருக்கும் தெரிந்த உருவம். ஏழு எட்டு சென்டிமீட்டர் நீளம், கொழுத்த பச்சை உடம்பு, தலைப் பக்கம் சற்று மஞ்சள் சாயல். நீலக் கண்கள் இப்போது முழு அளவில் இருக்கும். இந்த நிலையில்தான் நிற வேறுபாடும் பெரிதாகத் தெரியும். பெரும்பாலான புழுக்கள் பச்சை. சில மட்டும் செம்பழுப்பாகவோ வெண்கல நிறத்திலோ வரும். ஒரே செடியில் பச்சை ஒன்றும் பழுப்பு ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். ஆண், பெண் வேறுபாடு என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல, புழுவின் நிறத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது.

அப்புறம் வருகிறது பெரிய மாற்றம். முழுதாக வளர்ந்த புழு தின்பதை நிறுத்திவிடும். பச்சை மங்கும். முதுகு கறுத்துக்கொண்டே போகும், பக்கங்கள் ஆரஞ்சு கலந்த பழுப்பாகும். ஒரே நாளில் வேறு பூச்சியோ என்று தோன்றும் அளவுக்கு மாறிவிடும். செடியை விட்டு இறங்கி, தரையில் வேகமாக ஊர்ந்து, ஒதுங்க இடம் தேடும். கார் நிறுத்துமிடத்திலும் மாடிப்படியிலும் மிதிபடுகிறவை பெரும்பாலும் இந்த நிலையில் உள்ளவைதான். செடிக்குப் பச்சை நிறம் பொருந்தும், சருகுக்கும் மண்ணுக்கும் பழுப்பு பொருந்தும். இடம் மாறும்போது நிறமும் மாறுகிறது.

இந்தக் கறுப்பை நோய்க் கறுப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது, இது முக்கியம். இயல்பாக நிறம் மாறும் புழு விறைப்பாக இருக்கும், சுறுசுறுப்பாக நடக்கும், முதுகுதான் அதிகம் கறுத்திருக்கும். நோய் வந்த புழு செடியிலேயே தளர்ந்து தொங்கும், உடம்பு கொழகொழவென்று ஆகி நீர் ஒழுகும், கறுப்பு திட்டுத் திட்டாகப் பரவும். அப்படி ஒன்றைக் கண்டால் குச்சியால் எடுத்துத் தனியே அப்புறப்படுத்துங்கள், மற்ற புழுக்களோடு வைக்காதீர்கள்.

நான்காம் படி: மாறாத குறிகளைச் சரிபாருங்கள்

நிறம் எதுவானாலும் வளர்ந்த புழுவில் இந்த நான்கையும் பாருங்கள்.

முதலாவது, கண்கள். அவை உண்மையான கண்கள் அல்ல, தோலில் உள்ள குறிகள். புழுவின் உடம்பு வளையம் வளையமாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு வளையமும் ஒரு கண்டம். தலையிலிருந்து எண்ணினால் மூன்றாவது கண்டத்தில், அதாவது மார்பின் கடைசிக் கண்டத்தில், பக்கத்துக்கு ஒன்று. நடுவில் வெண்மை கலந்த நீலம், சுற்றிலும் கருநீல வளையம். சும்மா இருக்கும்போது மடிப்பில் பாதி மறைந்திருக்கும். இலையை லேசாக அசைத்தால் புழு தலையை உள்ளே இழுத்து அந்தப் பகுதியை உப்பிக் காட்டும், அப்போது இரண்டும் பளிச்சென்று தெரியும். மைனாவையும் செம்போத்தையும் ஒரு கணம் தயங்க வைப்பதற்கான ஏற்பாடு இது. கண் எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும், ஏனென்றால் கண்குறி உள்ள புழுக்கள் இன்னும் பல உண்டு. சேம்பு, காசித்தும்பை, திராட்சை ஆகியவற்றைத் தின்னும் ஹிப்போடியான் செலீரியோ என்ற இன்னொரு பருந்து அந்தின் புழுவுக்கும் கண்குறி உண்டு. ஆனால் அது மார்பைத் தாண்டி வயிற்றின் முதல் கண்டத்தில் இருக்கும், நீலமும் இருக்காது.

இரண்டாவது, பக்கக் கோடு. கண்குறிக்குப் பின்னாலிருந்து கொம்பு வரைக்கும் நீளமாக ஒரு வெண்கோடு. அதைச் சுற்றி மேலும் கீழுமாகச் சிறுசிறு வெண்புள்ளிகள் தூவியிருக்கும், சிலவற்றில் நீலச் சாயல் இருக்கும். சாய்வான பட்டைகள் உடம்பில் வரிசையாக இருந்தால் அது வேறு பருந்து அந்தின் புழு.

மூன்றாவது, கொம்பு. சிறு வயதில் நீளம், கறுப்பு, மெலிவு. கடைசி நிலையில் குட்டை, மஞ்சள் அல்லது ஆரஞ்சு, கொஞ்சம் தடித்துக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். வயதுக்கு வயது மாறுகிற குறி இது, ஆனால் மாறும் விதம் எப்போதும் ஒன்றே. அது மென்மையானது, யாரையும் குத்தாது.

நான்காவது, செடி. இதை முதல் படியிலேயே பார்த்துவிட்டோம். கண், கோடு, கொம்பு மூன்றும் சரியாக இருந்து, செடியும் அரளிக் குடும்பமாக இருந்தால் முடிவு செய்துவிடலாம், புழு பச்சையோ பழுப்போ கறுப்போ.

அதே செடியில் இருக்கும் மற்றவர்கள்

அரளி இலையில் இருக்கும் எல்லாப் புழுவும் அரளி அந்து அல்ல. சென்னையில் அதிகம் குழப்புவது காமன் குரோ என்ற கரும்பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு. உடம்பு முழுக்கக் குறுக்கு வரிகள், நான்கு ஜோடி நீளமான கறுப்பு உணரிழைகள், கொம்பும் இல்லை, நீலக் கண்ணும் இல்லை. அதன் கூட்டுப்புழு இலைக்கு அடியில் வெள்ளி நிறத்தில் மின்னிக்கொண்டு தொங்கும். பார்த்தால் விட்டுவிடுங்கள், அதுவும் அழகான பூச்சிதான்.

நந்தியாவட்டை இலைகள் நூலால் ஒட்டி மடிந்திருந்தால் அதற்குள் ஒல்லியான பச்சைப் புழு ஒன்று இருக்கும். அது பாரோட்டிஸ் என்ற சின்ன அந்து. வளர்ந்தபின் வெளிர்பச்சைச் சிறகும் பழுப்பு ஓரமுமாக டியூப்லைட் பக்கம் வந்து உட்காரும். பச்சை அந்து என்பதால் அரளி அந்தின் குட்டி என்று நினைத்துவிடக் கூடாது. சிறகு வந்த பூச்சி வளராது. சின்ன அந்து என்றால் அது சின்ன வகை, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: மண்ணில் கூட்டுப்புழு

செடியை விட்டு இறங்கிய புழு ஆழமாகத் தோண்டாது. சருகுக்கு அடியில், மண்ணின் மேற்பரப்பிலேயே, தளர்வான நூல் வலை ஒன்றைப் பின்னி அதற்குள் கூட்டுப்புழுவாகும். ஆறு ஏழு சென்டிமீட்டர் நீளம், வெளிர்பழுப்பு நிறம். இங்கும் ஒரு நல்ல குறி உண்டு: அடிப்பக்கத்தில் உறிஞ்சுகுழல் இருக்கும் இடத்தில் நீளமாக ஒரு கறுப்புக் கோடு ஓடும், வயிற்றின் பக்கங்களில் மூச்சுத்துளைகள் இருக்கும் இடமெல்லாம் கறுப்புப் புள்ளிகள். சருகைக் கூட்டி எரிக்கும் வழக்கம் உள்ள இடங்களில் இந்தப் பூச்சி குறைந்துபோவதற்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை. செடிக்கு அடியில் ஒரு கை அகலத்துக்காவது சருகை விட்டுவையுங்கள்.

நம் வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு மூன்று வாரத்தில் பூச்சி வெளிவந்துவிடும். வருவதற்கு முன் கூட்டுப்புழு நன்றாகக் கறுத்துவிடும்.

ஆறாம் படி: சிறகுள்ள பூச்சி

காலையில் மாடிப்படி விளக்குக்குப் பக்கத்துச் சுவரிலோ ஏசியின் வெளிப்பெட்டி மீதோ உள்ளங்கையை நிரப்பும் அளவில் ஒரு பச்சைப் பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கும். சிறகு விரித்தால் ஒன்பது முதல் பதின்மூன்று சென்டிமீட்டர். ராணுவச் சீருடையில் உள்ளதைப் போன்ற பச்சைத் திட்டுகளும் வெளிர் வளைவுகளும் சிறகில் கலந்து கிடக்கும். இலைகளுக்கு நடுவே உட்கார்ந்தால் காணாமல் போய்விடும். வெள்ளைச் சுவரில் உட்கார்ந்ததால்தான் நமக்குத் தெரிகிறது.

இந்தத் திட்டுகளில் தொலைந்துபோகாமல் நேராகத் தோளுக்குப் போங்கள். முன்சிறகு உடம்போடு சேரும் இடத்தில் வெளிறிய திட்டு ஒன்று, அதன் நடுவில் கரும்பச்சைப் புள்ளி. நன்றாகத் தேய்ந்த சிறகில்கூடப் பெரும்பாலும் இது மிஞ்சியிருக்கும். அடுத்து கழுத்துப்பட்டை: தலைக்குப் பின்னால் ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. பிறகு இடுப்பு: மார்பு முடிந்து வயிறு தொடங்கும் இடத்தில் வெண்ணிறப் பட்டை. முன்சிறகின் குறுக்கே இளஞ்சிவப்பு கலந்த வெண்பட்டையும், வெளிப்பக்கம் ஊதாச் சாயல் கொண்ட திட்டும் இருக்கும். பின்சிறகு பெரும்பாலும் மறைந்திருக்கும். தெரிந்தால் உட்பக்கம் சாம்பல் பழுப்பு, வெளிப்பக்கம் பச்சை, இரண்டுக்கும் நடுவே வளைந்த வெண்கோடு.

பச்சை எவ்வளவு பச்சை என்பது ஆளுக்கு ஆள் மாறும். அன்றுதான் வெளிவந்த பூச்சி பளிச்சென்று இருக்கும். சில பூச்சிகள் பிறப்பிலேயே பாசிப்பச்சை, சில பழுப்பை நெருங்கிய பச்சை. நாட்பட்ட பூச்சியில் செதில்கள் உதிர்ந்து, சிறகின் ஓரம் கிழிந்து, நிறம் மங்கும். செத்துக் காய்ந்த பூச்சியில் பச்சை போய் மஞ்சள் பழுப்பாகிவிடும். பழைய சேகரிப்புப் பெட்டிகளில் இருப்பவற்றைப் பார்த்து "இது பழுப்பு வகை" என்று எழுதினால் தவறாகப் போகும். ஆண், பெண் இரண்டும் ஒரே நிறம்தான். பெண்ணின் வயிறு பருத்திருக்கும், ஆணின் வயிறு கூம்பி ஒடுங்கும்.

இதற்கு மிக நெருங்கிய உறவு டாஃப்னிஸ் ஹைப்போத்தௌஸ். தென்னிந்தியாவிலும் உண்டு. மொத்தத்தில் கருமை கூடியது. முன்சிறகின் நுனியில் சிறிய வெண்புள்ளி இருக்கும், அரளி அந்தில் அந்தப் புள்ளி கிடையாது. அதன் புழு தின்பதும் காபிக் குடும்பத்துச் செடிகளை. தெரட்ரா நெஸ்ஸஸ் என்னும் இன்னொரு பெரிய அந்துக்கு முன்சிறகின் முன்னோரம் மட்டும் பச்சை, வயிற்றின் இருபக்கமும் பொன்னிறக் கோடு. பகலில் இட்லிப் பூவில் தேன் குடித்துக்கொண்டு பறப்பது கண்ணாடிச் சிறகு கொண்ட செஃபனோடெஸ் ஹைலாஸ். உடம்பு பச்சை என்பதால் சிலர் குழம்புவார்கள். சிறகு வழியே பின்னால் இருப்பது தெரிகிறதா என்று பாருங்கள், விஷயம் முடிந்தது. அரளி அந்து அந்தி சாய்ந்த பிறகுதான் பூவுக்கு வரும். மல்லிகைப் பந்தல் இருக்கும் வீடுகளில் இருட்டும் நேரத்தில் பொறுமையாக நின்றால், பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடி தேன் உறிஞ்சுவதைப் பார்க்க வாய்ப்புண்டு.

படம் எடுக்கும்போது

நிறம் ஏமாற்றும் பூச்சிக்குக் கைப்பேசிப் படமும் சேர்ந்து ஏமாற்றும். மஞ்சள் விளக்கில் பச்சை பழுப்பாகத் தெரியும், ஃபிளாஷ் அடித்தால் வெளுத்துவிடும். ஒரு சின்ன வேலை செய்யுங்கள்: படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் தெரியும்படி வையுங்கள். படத்தில் தாள் மஞ்சளாக இருந்தால் பூச்சியின் நிறத்தையும் நம்ப வேண்டாம். முடிந்தால் பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல் எடுங்கள்.

புழுவுக்குப் பக்கவாட்டில் முழு உடம்பு ஒன்று, கண்குறி தெரியும்படி முன்பகுதி ஒன்று, கொம்பு ஒன்று, செடியின் இலையும் பூவும் தெரிய ஒன்று. இந்தக் கடைசிப் படத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், பெயர் சொல்கிறவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். அளவு தெரிய ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வையுங்கள். பூச்சிக்கு மேலிருந்து ஒன்று, தோள்புள்ளி தெரிய நெருக்கத்தில் ஒன்று போதும். நாள், இடம், செடி மூன்றையும் எழுதிவைத்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றினால் பெயரைச் சரிபார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். ஜூலை கடைசி வாரத்தில் உலகெங்கும் தேசிய அந்து வாரம் என்று அந்துப்பூச்சிகளைப் பதிவு செய்வார்கள். தொடங்க நல்ல சாக்கு.

கிண்டி தேசியப் பூங்கா, நன்மங்கலம் காப்புக்காடு போன்ற இடங்களில் பார்க்கலாம், படம் எடுக்கலாம். எதையும் எடுத்து வரக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே பொருந்தும். அதற்கெல்லாம் தேவையும் இல்லை, உங்கள் வீட்டுச் செடியிலேயே கிடைக்கும்.

வளர்த்துப் பார்க்க விரும்பினால்

நிற மாற்றம் முழுவதையும் பார்க்க ஒரே வழி, ஒரு புழுவை எடுத்து வளர்ப்பதுதான். ஒன்று போதும், கூட்டமாக வைத்தால் நோய் பரவும். காற்றுப் போக வலைத்துணி கட்டிய பெட்டி, அடியில் நியூஸ்பேப்பர். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே செடியின் இலையைக் கொடுங்கள். நந்தியாவட்டையில் வளர்ந்ததை அரளிக்கு மாற்றிப் பார்க்க வேண்டாம், சில நேரம் தின்ன மறுக்கும். மருந்து அடித்த செடியின் இலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கடையில் புதிதாக வாங்கி வந்த செடி என்றால் அதில் மருந்து இருக்கவே வாய்ப்பு அதிகம். இலையை ஈரம் இல்லாமல் துடைத்து வைத்து, நாள்தோறும் புழுக்கையைக் கொட்டுங்கள்.

புழு பழுப்பாகி அலையத் தொடங்கியதும் பெட்டியின் அடியில் ஒரு கை கனத்துக்குத் தென்னை நார்த்தூளும் காய்ந்த இலையும் போட்டுவிட்டு, பிறகு தொடாதீர்கள். நார்த்தூள் லேசான ஈரத்தில் இருக்கட்டும். பூச்சி வெளிவந்ததும் ஏறித் தொங்கிச் சிறகை விரிக்க ஒரு சொரசொரப்பான குச்சியோ வலையோ பக்கவாட்டில் வேண்டும். அது இல்லாவிட்டால் சிறகு சுருங்கியபடியே காய்ந்துவிடும், பிறகு பறக்கவே முடியாது. அந்தி நேரத்தில் செடிப்பக்கம் கொண்டுபோய்த் திறந்துவிடுங்கள். பகலில் விட்டால் காக்கைக்கு இரையாகிவிடும்.

செடி மொட்டையாகிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்றாக வேர் பிடித்த நந்தியாவட்டை மூன்று நான்கு புழுக்களைத் தாங்கும், புழு போன பின் மறுபடி தழைத்துவிடும். சின்னத் தொட்டியில் உள்ள அடீனியமோ இளங்கன்றோ என்றால் புழுவை இலையோடு சேர்த்துக் கிள்ளி எடுத்து, தெருவிலோ பூங்காவிலோ வேலியாக நிற்கும் பெரிய நந்தியாவட்டைக்கு மாற்றிவிடுங்கள். கையால் இழுக்காதீர்கள், கால்கள் அறுந்துவிடும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருக்கும்.